பீனாலிக் பசை 200 டிகிரியில் விட்டுவிடுகிறது, படலம் முழுக்கக் குமிழி: பசையை மாற்றுவதா, கியூரை (சூட்டில் இறுக்கும் முறையை) மாற்றுவதா?

தட்டும்பட்டையும் கேட்டது:

3 மி.மீ. மைல்டு ஸ்டீல் தட்டின் மேல் 4 மி.மீ. உராய்வுப் பட்டையை ஒட்டும் வேலை. ஓட்டத்தில் தட்டு தொடர்ச்சியாக 180 டிகிரி செல்சியஸில் இருக்கும். இடையிடையே சில நிமிடங்கள் 250 வரை ஏறும். 180-இல் ஆயிரம் மணி நேரமாவது பிடிப்பு நிற்க வேண்டும்.

பசை நைட்ரைல் ரப்பர் கலந்த பீனாலிக் (பீனால்-ஃபார்மால்டிஹைடு ரெசின்). எம்இகே (மெத்தில் எத்தில் கீட்டோன்) கரைப்பானில் வருகிறது, திடப்பொருள் எடையில் 22 சதவீதம். இப்போதைய முறை: தட்டைத் தின்னரில் துடைத்து, எமரித் தாளால் தேய்த்து, தட்டிலும் பட்டையிலும் பிரஷ்ஷால் இரண்டு கோட். அறை வெப்பத்தில் 20 நிமிடம் உலரவிட்டு, பிளேட்டன் (பிரஸ்ஸின் சூடான அழுத்தும் தகடு) 160 டிகிரியில் இருக்கும் ஹாட் பிரஸ்ஸில் 30 நிமிடம். ஒட்டும் பரப்பின் மேல் அழுத்தம் கணக்குப்படி 0.25 மெகாபாஸ்கல். நேரம் முடிந்ததும் சூட்டோடு திறந்து எடுப்பது.

ஸ்டீலோடு ஸ்டீல் ஒட்டிய மாதிரிகளில் லேப் ஷியர் (விளிம்பு மேல் விளிம்பாக ஒட்டிய இரு தகடுகளை எதிரெதிரே இழுத்து அளக்கும் வெட்டு வலிமை) அறை வெப்பத்தில் 13 முதல் 15 மெகாபாஸ்கல். அதே மாதிரி 200 டிகிரியில் 1.5 முதல் 2. உடைந்த முகத்தைப் பார்த்தால் படலம் நுரைத்த மாதிரி ஓட்டை ஓட்டையாக, தேன் நிறத்தில் இருக்கிறது. சில இடங்களில் ஸ்டீல் பக்கம் பசையே இல்லாமல் வெறுமையாக இருக்கிறது. கீறினால் ஃபார்மலின் நெடி.

எபாக்சி-பீனாலிக் ஃபிலிமுக்கோ (தாள் வடிவில் வரும் பசை) சிலிக்கான் கலந்த பீனாலிக்குக்கோ மாறிவிடலாமா, அல்லது இதே பசையை ஒழுங்காகக் கியூர் செய்தால் போதுமா?

---

அழுத்தமானி பதில்:

பசையை இப்போதைக்குத் தொடாதீர்கள். 160 டிகிரி, 0.25 மெகாபாஸ்கல் என்ற இரண்டு எண்களுமே ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

பீனாலிக் ரெசின் இறுகும்போது நீரை வெளியே தள்ளும். அந்த நீர் 160 டிகிரியில் ஆவியாகத்தான் இருக்கப் பார்க்கும். தூய நீரின் நிறைவுற்ற ஆவியழுத்தம், வெற்றிடத்திலிருந்து எண்ணினால், 120 டிகிரியில் சுமார் 2 பார், 150-இல் 4.8, 160-இல் 6.2, 170-இல் 7.9, 180-இல் 10. நீங்கள் கொடுக்கும் 0.25 மெகாபாஸ்கலோடு வளிமண்டல அழுத்தத்தைச் சேர்த்தாலும் 3.5 பார்தான். அதாவது பசை இறுகுவதற்குள் ஆவி அதை ஊதிவிடுகிறது. ரெசினுக்குள் கரைந்த நீர் தூய நீரளவு அழுத்தம் தராது என்பது உண்மை. ஆனால் மிச்சமிருக்கும் கரைப்பானும் அம்மோனியாவும் சேரும்போது அந்தச் சலுகை அடிபட்டுப் போகும். 170-இல் கியூர் செய்தால் 0.7 முதல் 1 மெகாபாஸ்கல் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஸ் டயலில் தெரிவது எண்ணெயின் அழுத்தம், பசையின் மேல் விழும் அழுத்தம் அல்ல. ஒரு கணக்கு: ஒட்டும் பரப்பு மொத்தம் 400 சதுர செ.மீ., தேவை 0.8 மெகாபாஸ்கல் என்றால் விசை 32 கிலோநியூட்டன். ராம் (பிரஸ்ஸின் பிஸ்டன்) விட்டம் 100 மி.மீ. என்றால் அதன் பரப்பு 78.5 சதுர செ.மீ.; டயலில் சுமார் 41 பார் காட்ட வேண்டும். ஒரே தடவையில் எத்தனை தட்டு அடுக்குகிறீர்கள் என்பதல்ல, ஒரே மட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் எத்தனை வைக்கிறீர்கள் என்பதுதான் இந்தக் கணக்கில் வரும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் விசை பங்காகாது. வெப்பம்தான் நடுவில் இருப்பதற்குப் போய்ச் சேராது.

அடுத்தது உலர்த்தல். எம்இகே 80 டிகிரியில் கொதிக்கிறது, சீக்கிரம் போய்விடும் என்று தோன்றும். மேற்பரப்பு முதலில் தோல் கட்டிக்கொள்ளும், அடியில் இருப்பது சிக்கிவிடும். 20 நிமிடம் போதாது. கோட்டுக்குக் கோட் 30 நிமிடம், கடைசிக் கோட்டுக்குப் பிறகு இன்னொரு 30 நிமிடம் அறை வெப்பத்தில், அதன்பின் காற்றோட்டமுள்ள ஓவனில் 70 முதல் 80 டிகிரியில் 40 முதல் 60 நிமிடம். நேரே 80-இல் வைத்தால் தோல் கட்டுவது இன்னும் மோசமாகும். 100-ஐத் தாண்டவும் விடாதீர்கள். ரெசின் பாதி இறுகி, பிரஸ்ஸில் ஓடாமல் நிற்கும்; நீங்கள் சொன்ன வெறுமையான இடங்கள் அப்படியும் வரும். ஓவனில் கரைப்பான் ஆவி தேங்கினால் தீப்பிடிக்கும், வெளியேற்றும் விசிறி இல்லாத ஓவனில் இந்த வேலை கூடாது.

உலர்ந்ததா என்று விரலால் பார்க்காமல் தராசில் பாருங்கள். பூசி உலர்த்திய மெல்லிய தகடு ஒன்றை எடை போட்டு, 150 டிகிரியில் 30 நிமிடம் வைத்துத் திரும்ப எடை போடுங்கள். படலத்தின் எடையில் இழப்பு 3 சதவீதத்துக்குள் இருந்தால் வேலைக்கு ஆகும். அதில் கொஞ்சம் வினை நீரும் உண்டு, அதனால் பூஜ்யம் எதிர்பார்க்க வேண்டாம். நாளுக்கு நாள் அந்த எண் மாறாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

தடிமன்: 22 சதவீதம் என்பது எடையில். திடப்பொருளின் அடர்த்தி 1.1, எம்இகே 0.805 என்று எடுத்தால் கன அளவில் 17 சதவீதம்தான் வரும். 100 மைக்ரான் ஈரப் படலம் 17 மைக்ரானாகக் காயும். ஒவ்வொரு முகத்திலும் 60 மைக்ரான் வேண்டுமென்றால் ஈரத்தில் மொத்தம் 350 மைக்ரான், மூன்று கோட்டாகப் பிரித்து. இரண்டு முகமும் சேர்ந்த 120 மைக்ரான், அழுத்தத்தில் பிதுங்கி 80 முதல் 100-இல் நிற்கும். உங்கள் இரண்டு கோட் பிரஷ் வேலை 40-ஐத் தாண்டியிருக்காது. வெறுமையான இடங்களுக்கு முதல் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

கியூர் சுழற்சி:

1. தட்டையும் பட்டையையும் சேர்த்து 80 டிகிரிக்குக் கீழே உள்ள பிரஸ்ஸில் வைத்து, லேசான தொடு அழுத்தம்.
2. நிமிடத்துக்கு 3 முதல் 5 டிகிரியாக 105 வரை ஏற்றி, 5 நிமிடம் நிறுத்தம். ஒரு முறை, ஒரு நொடி மட்டும், அழுத்தத்தை விட்டுப் பிடிக்கவும்.
3. முழு அழுத்தம் 0.8 மெகாபாஸ்கல். அதன்பின் 170 வரை ஏற்றம்.
4. பசைப் படலத்தில் 170 வந்ததிலிருந்து 60 நிமிடம்.
5. அழுத்தத்தை விடாமல் 75-க்குக் கீழே ஆறவைத்து, அப்புறம் திறக்கவும்.

நான்காவது வரியில் "படலத்தில்" என்று எழுதியிருப்பதைக் கவனிக்கவும். உராய்வுப் பட்டை வெப்பத்தை எளிதில் கடத்தாது. பிளேட்டன் 160 என்றால் உள்ளே எவ்வளவு என்று ஒரு மெல்லிய தெர்மோகப்பிளைப் பட்டைக்கும் தட்டுக்கும் நடுவே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். 30 நிமிடச் சுழற்சியில் பாதி நேரம் சூடேறுவதிலேயே போயிருக்கலாம். தேன் நிறமும் ஃபார்மலின் நெடியும் அதைத்தான் சொல்கின்றன. சூட்டோடு திறப்பது சோடா மூடியைத் திறப்பது மாதிரி. அதுவரை அடங்கிக் கிடந்த ஆவி அந்த நொடியில் நுரைக்கும்.

---

பேக்கலைட் பிரியன் பதில்:

அழுத்தமானி சொன்னதெல்லாம் சரி. ஆனால் 200 டிகிரியில் எட்டில் ஒரு பங்குக்கு விழுவதைக் குமிழி மட்டும் விளக்காது. பசையின் உட்கலவையையும் பார்க்கணும்.

பீனாலிக் என்ற பெயரில் இரண்டு வேறு சரக்கு இருக்கிறது. ஃபார்மால்டிஹைடு மிகுதியாக, கார வினையூக்கியில் செய்தது ரெசோல். சூடு கொடுத்தால் தானாக இறுகும். பீனால் மிகுதியாக, அமிலத்தில் செய்தது நோவோலாக். ஒரு மோல் பீனாலுக்கு 0.75 முதல் 0.85 மோல் ஃபார்மால்டிஹைடு என்ற அளவில். அதற்கு ஹெக்சமெத்திலீன்டெட்ரமின், அதாவது ஹெக்சா, சேர்த்தால்தான் வலை கட்டும். சேர்க்காவிட்டால் எத்தனை மணி நேரம் சூடாக்கினாலும் அது உருகும் பிளாஸ்டிக்தான். பேக்லேண்ட் 1907-இல் காப்புரிமை கேட்ட காலத்திலிருந்தே அழுத்தமும் வெப்பமும் சேர்ந்துதான் இந்த வேதியியல் வேலை செய்கிறது.

இறுகிய வெறும் பீனாலிக் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். உலோகத்தோடு உலோகம் ஒட்ட அதற்கு நெகிழ்ச்சி கொடுக்க வேண்டும். கட்டமைப்புப் பசைகளில் பீனாலிக்கை "மாற்றியமைப்பது" என்றால் பெரும்பாலும் அதுதான். எதைச் சேர்க்கிறோமோ அதுவே வெப்பத்தின் மேல்வரம்பையும் தீர்மானிக்கும்.

பாலிவினைல் ஃபார்மல் சேர்த்தது முதல் வெற்றி. இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் 1940-களின் தொடக்கத்தில் நார்மன் டி புரூய்ன் குழு செய்த ரெடக்ஸ் இந்த வகை: ரெசோல் திரவத்தைப் பூசி அதன் மேல் ஃபார்மல் தூளைத் தூவி, சுமார் 150 டிகிரியில், 0.7 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் இறுக்குவது. அந்த 0.7-ஐ மேலே இருக்கும் ஆவியழுத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், காரணம் விளங்கும். அலுமினியத்தில் ஈரத்துக்கு அது தாங்குவது மாதிரி தாங்கிய பசை குறைவு. ஆனால் 100 டிகிரியை நெருங்கும்போதே ஃபார்மல் மென்மையாகிவிடும். பியூட்டிரல் சேர்த்தால் அதற்கும் கீழே. சோவியத் காலத்து பிஎஃப்-2 இந்தப் பியூட்டிரல் வகை. உங்கள் வேலைக்கு இவை இரண்டும் ஆகாது.

நைட்ரைல்-பீனாலிக் அடுத்த படி. தொடர் வெப்பம் 150 முதல் 175 வரை, குறுகிய நேரம் 250. கலவையில் நைட்ரைல் ரப்பர் 100 பாகம் என்றால் பீனாலிக் 75 முதல் 200 பாகம், துத்தநாக ஆக்சைடு 5, கந்தகம் 1 முதல் 3, முடுக்கி அரை முதல் 1, தேவைப்பட்டால் கரித்தூள் 50 வரை. பீனாலிக் 75 என்றால் உரிவு வலிமை பிரமாதமாக இருக்கும், சூட்டில் தொய்யும். 200 என்றால் நேர் எதிர். அறை வெப்பத்தில் 14, 200-இல் 2 என்ற உங்கள் எண்கள், ரப்பர் அதிகமுள்ள கலவையைச் சரியாகக் கியூர் செய்யாததற்குப் பொருந்துகின்றன. சப்ளையரிடம் ரப்பர்-ரெசின் விகிதத்தைச் சொல்ல மாட்டார்கள்; ஆனால் 180 டிகிரியில் லேப் ஷியர் எவ்வளவு, அது எந்தக் கியூருக்குப் பிறகு என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். 180-இல் 6 மெகாபாஸ்கலுக்குக் கீழே தரும் கலவையை நான் இதற்கு எடுக்க மாட்டேன்.

எபாக்சி-பீனாலிக் அதற்கு மேலே: திட எபாக்சியும் ரெசோலும், நிரப்பியாக அலுமினியத் தூள், தாங்கியாகக் கண்ணாடித் துணி. 260 டிகிரியில் அறை வெப்ப வலிமையில் பாதியளவு மிஞ்சும். வேடிக்கை என்னவென்றால் திரவ ஹைட்ரஜன் குளிரிலும் அது வேலை செய்யும். அதற்குக் கொடுக்கும் விலை, உரிவு வலிமை இல்லாமல் போவது. அதிர்வும் தட்டலும் உள்ள இடத்தில் ஓரத்திலிருந்து விரிசல் ஓடிவிடும்.

சிலிக்கான், போரான் சேர்த்த வகைகள் 300-ஐத் தொட்டு நிற்க வேண்டிய இடங்களுக்கு. அல்காக்சிசிலேன் பீனாலிக் வலைக்குள் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பைக் கொண்டுவரும். போரிக் அமிலம் பீனாலின் ஹைட்ராக்சிலை மூடி ஆக்சிஜனேற்றத்தைத் தாமதமாக்கும். ஆனால் போரேட் எஸ்டர் ஈரத்தில் அவிழும். 180-க்கு இவற்றைத் தேடிப் போவது வீண் செலவு.

---

தட்டும்பட்டையும்:

நன்றி. தெர்மோகப்பிள் வைத்ததில் பிளேட்டன் 160 இருக்கும்போது படலம் 148-ஐத் தாண்டவில்லை. டயல் கணக்கும் திருத்தியாயிற்று.

இரண்டு சந்தேகம். பசையில் இருப்பது நோவோலாக்-ஹெக்சா வகை என்று சப்ளையர் சொல்கிறார். ஹெக்சாவைக் கொஞ்சம் கூடுதலாகக் கலக்கிவிட்டால் சூட்டு வலிமை ஏறுமா? இன்னொன்று, இதே பசையில் 100 மி.மீ. நீள அலுமினியத் தகட்டை ஸ்டீலோடு ஒட்ட வேண்டிய வேலையும் உண்டு. அதற்கு எபாக்சி-பீனாலிக் ஃபிலிம் எடுக்கலாமா?

---

கரி எச்சம் பதில்:

ஹெக்சாவை டின்னில் போட்டுக் கலக்க வேண்டாம். எம்இகேயில் அது கரையாது. தூளாக அடியில் உட்காரும், பிரஷ் எடுக்கும் இடத்தைப் பொறுத்து அளவு மாறும். அதை இரட்டை உருளை மில்லில் ரப்பரோடு அரைத்துச் சேர்ப்பதுதான் முறை, அது பசை செய்பவரின் வேலை. நோவோலாக்கின் எடையில் 8 முதல் 12 சதவீதம் வழக்கமான அளவு. அதற்கு மேலே போனால் வலை அடர்த்தி ஏறுவதை விட வாயு ஏறும். ஒரு ஹெக்சா மூலக்கூறில் நான்கு நைட்ரஜன். கோட்பாட்டளவில் 10 கிராம் ஹெக்சாவிலிருந்து 4.9 கிராம் அம்மோனியா வரலாம். எல்லாம் உடனே வராது. ஒரு பகுதி நைட்ரஜன் பென்சைலமீன் பாலமாக வலைக்குள் தங்கி, 180-க்கு மேலே மெதுவாக உடையும். கியூர் முடிந்தது என்று நினைத்துப் பொருளை ஓட்டத்துக்கு அனுப்பினால், ஓட்டத்தில் வாயு வரும். அதனால் பிரஸ்ஸுக்குப் பின் போஸ்ட் கியூர் தேவை: 150-இலிருந்து மணிக்கு 15 முதல் 20 டிகிரியாக 200 வரை, அங்கே 2 மணி நேரம். வேகமாக ஏற்றினால் நல்ல படலமும் ஊதும். பக்கத்தில் பித்தளை பாகம் ஏதும் இருந்தால் போஸ்ட் கியூருக்கு முன் கழற்றிவிடுங்கள். தகைவிலுள்ள பித்தளையை அம்மோனியா விரிசல் விடச் செய்யும்.

இப்போது யாரும் தொடாத விஷயம். 180-இல் ஆயிரம் மணி நேரம் என்பது வலிமைக் கேள்வி அல்ல, ஆக்சிஜனேற்றக் கேள்வி. வெப்பத் தாங்குதிறனை நேரம் சொல்லாமல் டிகிரியில் மட்டும் சொல்வது அர்த்தமற்றது. நைட்ரஜன் சூழலில் பீனாலிக் 800 டிகிரியிலும் பாதிக்கு மேல் கரியாக மிஞ்சும். காற்றில் 200-ஐ ஒட்டியே, நூறு மணி நேரக் கணக்கில், ஓரத்திலிருந்து சாப்பிடப்படும். நைட்ரைல் ரப்பர் அதற்கும் முன்னால், 120-க்கு மேலேயே காற்றில் கடினமாகத் தொடங்கும்.

அதனால் ஒரு மாயை வரும்: வெப்பத்தில் வைத்த முதல் சில நாட்களில் லேப் ஷியர் ஏறும். ரப்பர் இறுகுவதால் வரும் ஏற்றம் அது. அதே நாட்களில் உரிவு வலிமை சரிந்துகொண்டிருக்கும். ஷியரை மட்டும் பார்த்து "முதிர முதிர வலிமையாகிறது" என்று அறிக்கை எழுதுவார்கள். ஷியருக்கு ஏஎஸ்டிஎம் (அமெரிக்கச் சோதனைத் தரநிலைகள்) டி 1002, சூட்டில் டி 2295, உரிவுக்கு மிதக்கும் உருளை முறையான டி 3167 என்று மூன்றும் வேண்டும். 180-இல் 100, 300, 1000 மணி நேரங்களில் எடுத்து, ஒவ்வொன்றையும் அறை வெப்பத்திலும் 180-இலும் சோதியுங்கள். அவசரப்பட்டு 230-இல் முதிரவைத்துக் கணக்குப் போட்டு 180-க்கு இறக்கினால் பொய் எண் வரும். அங்கே சிதைவின் வழியே வேறு.

எபாக்சி-பீனாலிக்குக்கு மாறுவது பற்றி: அந்த வகையின் நல்ல எண்கள் அலுமினியத்தில் எடுத்தவை. ஸ்டீலில், குறிப்பாக ஸ்டெயின்லெஸ்ஸில், அதே பசை அதே வெப்பத்தில் வேகமாகக் கெடும். மேற்பரப்பிலுள்ள இரும்பு அயனிகள் ஆக்சிஜனேற்றத்துக்கு வினையூக்கியாக நிற்கின்றன. முதிர்ந்த மாதிரியை உடைத்தால் ஸ்டீல் முகத்தை ஒட்டிய பக்கம் மட்டும் பொடிப்பொடியாக இருப்பது இதன் அடையாளம். இடையில் பீனாலிக் பிரைமர் வைத்தால் குறையும், முழுதாக நிற்காது.

அலுமினியம்-ஸ்டீல் வேலைக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். விரிவுக் குணகம் அலுமினியத்துக்கு 23, ஸ்டீலுக்கு 12, ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு மைக்ரோமீட்டரில். 170-இல் இறுகி 25-க்கு வந்தால் 145 டிகிரி வித்தியாசம், 11 பெருக்கல் 145, மீட்டருக்கு 1.6 மி.மீ. நூறு மி.மீ. நீளத்தில் ஒவ்வொரு முனையிலும் 0.08 மி.மீ. நழுவப் பார்க்கும். படலம் 0.1 மி.மீ. என்றால் முனையில் வெட்டுத் திரிபு 0.8. தகடுகளும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஆக இது மேல்வரம்பு. ஆனாலும் எபாக்சி-பீனாலிக்குக்கு இதில் பத்தில் ஒன்றே அதிகம். முனையில் விரிசலோடுதான் பிரஸ்ஸை விட்டு வெளியே வரும். நைட்ரைல்-பீனாலிக்கில் படலத்தை 0.2 மி.மீ. ஆக்கி, அலுமினியத்தை 40 மி.மீ. துண்டுகளாகப் பிரித்தால் திரிபு 0.16-க்கு வரும். தடிமனைக் காக்க 0.2 மி.மீ. கண்ணாடி மணிகள் எடையில் 1 சதவீதம் சேர்க்கலாம், அல்லது கண்ணாடித் துணித் தாங்கியுள்ள ஃபிலிம் வாங்கலாம். உராய்வுப் பட்டை இந்தக் கணக்கில் தப்பிக்கும். அதன் விறைப்பு குறைவு.

அப்புறம் ஒன்று. அழுத்தமானி சொன்ன "விட்டுப் பிடி" எனக்கு ஒப்புதல் இல்லை. அது மோல்டிங் பழக்கம். பசைப் படலத்தில் அழுத்தத்தை விட்டால் பட்டை நகரும், காற்றை உள்ளே இழுக்கும்.

---

அழுத்தமானி பதில்:

ஃபிலிமுக்கு நீங்கள் சொல்வது சரி, விட்டுப் பிடிக்கவே கூடாது. திரவம் பூசிய பரப்பு அகலமாக இருந்து, வாயு வெளியேற ஓரம் தொலைவாக இருந்தால் மட்டும் பயன். அதுவும் ஜெல் ஆவதற்கு முன், 105-இல். 130-க்கு மேலே செய்தால் கெடுதல்தான். இங்கே பட்டையின் அகலம் 50 மி.மீ.க்குள் என்றால் அந்த வரியை அடித்துவிடலாம். உராய்வுப் பட்டையே துளையுள்ள பொருள், ஒரு பக்கம் வாயு போக வழி உண்டு.

ஸ்டீல் முகத்தைத் தயார் செய்வது பற்றி யாரும் எழுதவில்லை. எமரித் தாள் போதாது. தேய்த்த தூள் எண்ணெயோடு சேர்ந்து பள்ளங்களில் அடைத்துக்கொள்ளும். முதலில் கிரீஸ் நீக்கம், பிறகு 80 முதல் 120 மெஷ் அலுமினா கிரிட் பிளாஸ்டிங், எண்ணெயும் நீரும் பிரித்த காற்றில் 0.4 முதல் 0.5 மெகாபாஸ்கல். கிரீஸ் நீக்காமல் பிளாஸ்ட் செய்தால் எண்ணெயை உள்ளே அடித்து ஏற்றுகிறீர்கள், கிரிட்டும் கெடும். தூளை ஊதித் தள்ளியதும் வாலை நீர் தெளித்துப் பாருங்கள்: படலம் 30 நொடி உடையாமல் நின்றால் சுத்தம், துளியாகத் திரண்டால் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து. சோதித்த தகட்டை உடனே உலர்த்துங்கள். பிளாஸ்ட் செய்த மைல்டு ஸ்டீலில் கண்ணுக்குத் தெரியாத துரு சில மணி நேரத்தில் வரும். 2 மணி நேரத்துக்குள் பிரைமர். 5 முதல் 10 மைக்ரான் போதும், தடித்தால் அதுவே பலவீனமான அடுக்காகும். பிரைமர் இல்லாத இடத்தில் காமா-அமினோபுரோப்பைல் ட்ரைஎத்தாக்சிசிலேன் 1 சதவீதக் கரைசலில் துடைத்து, 100 டிகிரியில் 20 நிமிடம் உலர்த்துவது அடுத்த வழி.

அலுமினியத்துக்குக் கிரிட் மட்டும் போதாது. பாஸ்பாரிக் அமில அனோடைசிங், ஏஎஸ்டிஎம் டி 3933 முறை: 10 சதவீத அளவு அமிலம், 10 வோல்ட், 20 முதல் 25 நிமிடம். அந்த ஆக்சைடு அடுக்கு மெல்லிய குழாய் வடிவம், விரல் பட்டாலே நசுங்கும். அன்றே பிரைமர் பூசுங்கள்.

---

தட்டும்பட்டையும்:

170-இல் 60 நிமிடம், 0.8 மெகாபாஸ்கல், அழுத்தத்தோடு ஆறவைத்த மாதிரிகளில் குமிழி இல்லை, படலம் கரும்பழுப்பு. 180-இல் 7 முதல் 8 மெகாபாஸ்கல் வருகிறது. உரிவும் முதிர்வும் இனிமேல்தான். ஒரு குழப்பம்: டிஎஸ்சியில் (சூடாக்கும்போது மாதிரி விடும், உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் கருவி) பழைய மாதிரிக்கும் புதியதற்கும் மீதி வெப்ப உச்சம் ஒன்றுமே தெரியவில்லை. அப்படியானால் பழையதும் கியூர் ஆனதுதானா? பசை டின்னை எத்தனை நாள் வைக்கலாம் என்பதும் தெரிய வேண்டும்.

---

கரி எச்சம் பதில்:

சாதாரண அலுமினியக் கிண்ணத்தில் ஓட்டியிருப்பார்கள். வினையின் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும், அது வினை விடும் வெப்பத்தை மறைத்துவிடும். வரைபடத்தில் தட்டையான கோடு வரும். பீனாலிக்குக்கு உயர் அழுத்தம் தாங்கும் மூடிய கிண்ணம் கேளுங்கள். அது இல்லாவிட்டால் படலத்தைச் சுரண்டிப் பொடித்து, அசிட்டோனில் சாக்ஸ்லெட் சாறெடுப்பு, அதாவது கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓட்டி இறுகாத பகுதியைக் கரைத்தெடுப்பது. பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் மறைக்க முடியாமல் தெரியும். தனி எண்ணை நம்பாதீர்கள், ரப்பரிலுள்ள சேர்மானமும் அசிட்டோனில் வரும்.

முதிர்ந்த மாதிரியை உடைக்கும்போது முகத்தைப் படமெடுத்து வையுங்கள். ஓரத்தைச் சுற்றிக் கருத்த வளையம், நடுவில் நல்ல நிறம் என்றால் காற்று உள்ளே வருகிறது. வளையத்தின் அகலம் மணி நேரத்தோடு எப்படி வளர்கிறது என்று அளந்தால் ஆயிரம் மணியில் எவ்வளவு பரப்பு மிஞ்சும் என்று முன்னரே தெரியும். முழுமுகமும் ஒரே சீராகக் கருத்தால் அது வெப்பம். ஸ்டீல் பக்கம் சுத்தமாக விட்டு வந்தால் மேற்பரப்பு வேலை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஓரத்தில் பிதுங்கிய பசையைச் சுரண்டி எடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், காற்றுக்கு அது கொஞ்சம் தடை.

---

பேக்கலைட் பிரியன் பதில்:

டின்னை 5 முதல் 10 டிகிரியில் வைத்தால் ரெசோல் உள்ள பசை பொதுவாக 3 முதல் 6 மாதம். ஹெக்சா வகை அதைவிடக் கொஞ்சம் பொறுமைசாலி. தேதியை விடப் பாகுநிலையை நம்புங்கள்: வாங்கிய அன்று, அடியில் துளையுள்ள கோப்பை ஒன்றிலிருந்து பசை வழிந்து தீரும் நேரத்தைக் குறித்துவைத்து, மாதம் ஒரு தடவை பாருங்கள். ஒன்றரை மடங்கானால் தள்ளிவிடுங்கள். எம்இகே ஊற்றி இளக்கினால் பாகு குறையும், முன்னேறிவிட்ட ரெசின் பின்னால் வராது. பிரஸ்ஸில் ஓட்டம் கிடைக்காது. எம்இகே பறந்துபோய்த் தடித்ததா, ரெசின் முன்னேறித் தடித்ததா என்பதைத் திடப்பொருள் சதவீதம் சொல்லிவிடும். 22-ஆகவே இருந்து தடித்திருந்தால் ரெசின்.

எடுக்கும் முன் அடியிலிருந்து நன்றாகக் கலக்கவும், அந்த ஹெக்சா அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஃபிலிம் வாங்கினால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, உறையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள். பெரிய சுருள் என்றால் ஒரு இரவு. அவசரமாகப் பிரித்தால் ஃபிலிம் மேல் பனி நீர் படியும், அழுத்தமானி எழுதிய ஆவிக் கணக்கில் அதுவும் சேரும். கையுறை நைட்ரைலை விடப் பியூட்டைல் நல்லது, எம்இகே நைட்ரைல் கையுறையைச் சீக்கிரம் ஊடுருவும். மிச்சப் பீனால் தோல் வழியே உடம்புக்குள் போகும். ஃபார்மால்டிஹைடு 2004 முதல் ஐஏஆர்சியின் (சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை) முதல் வகுப்புப் பட்டியலில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக உறுதியானவற்றில், இருக்கிறது, அதனால் பிரஸ் திறக்கும் பக்கத்தில் உறிஞ்சு குழாய், முகத்துக்கும் பிளேட்டனுக்கும் நடுவில் வராமல் பின்பக்கமாக.